பதினேழாம் மை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இன்குபேட்டர்களுக்கும் உறைபெட்டிகளுக்கும் மட்டும்தான். ஏசி நின்ற அரை மணியில் ஆய்வகம் புழுங்கியது. ஸ்ராவண மாத மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

ரெஸ்வான் தனியாக இருந்தான். வியாழக்கிழமை அச்சிட்டு மிஞ்சிய மை ஒரு சிரிஞ்சில் இருந்தது. கழுவுவதற்காகக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. இப்போது கையில் எடுத்தான். சுவர் வெப்பமானி இருபத்தேழு காட்டியது. சிரிஞ்சைக் கவிழ்த்தான். மை அசையவில்லை. தட்டினான். லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

ஓடியிருக்க வேண்டும். மீன் என்றால் இந்த வெக்கையில் தண்ணீராக ஓடியிருக்க வேண்டும்.

தோல் அச்சிடும் மையில் இரண்டு பொருள்தான் முக்கியம். நோயாளியின் உடம்பிலிருந்தே எடுத்து வளர்த்த உயிரணுக்கள். அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் ஜெலட்டின். மற்ற நாடுகளில் அந்த ஜெலட்டின் பன்றித்தோலிலிருந்தோ மாட்டுத்தோலிலிருந்தோ வருகிறது. டாக்காவில் இரண்டும் ஆகாது. பன்றி என்று தெரிந்தால் தீக்காய வார்டில் முக்கால்வாசிக் கட்டில் காலியாகிவிடும். மாடு என்று தெரிந்தால் மீதியும். மீன் என்று சொன்னவன் ரெஸ்வான்தான். திலாப்பியா. இந்த ஊரில் மீனை வேண்டாம் என்பவர் யார்? உயிரணுக்களுக்கு ஊட்டும் சீரத்தைக்கூட அந்தந்த நோயாளியின் குடும்பத்து ரத்தத்திலிருந்து எடுத்தார்கள். யாரும் எதையும் கேட்க வேண்டியிராத தோல். ஆறு வருடத்தில் அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அது என்று அவனே நினைத்துக்கொண்டிருந்தான்.

மீனுக்கு ஒரு குறை. இருபத்தைந்து டிகிரி தாண்டினால் நிற்காது. பதினாறு முறை காய்ச்சிய மையும் ஓரங்களில் சரிந்தது. பதினேழாவது மை வியாழக்கிழமை வந்தது. வரி மேல் வரியாகச் சுவர் எழுப்பினதுபோல் நின்றது. ஆறாம் எண் நோயாளிக்கு மூன்று வில்லைகள், மூன்றும் பழுதில்லாமல். நிலூஃபர் ஆபா, ஆய்வகத்தின் தலைவி, கைபேசியில் படமெடுத்துக்கொண்டு எல்லோருக்கும் சம்சம் இனிப்பு வாங்கிவரச் சொன்னார். ஜெலட்டின் காய்ச்சும் தொஃபாயில் மட்டும் தின்னவில்லை. பல் வலி என்றார்.

ரெஸ்வான் குளிர்பெட்டியைத் திறந்து ஜெலட்டின் பொடிப் புட்டியை எடுத்தான். தொஃபாயில் ஒவ்வொரு புட்டியிலும் 'மீன்' என்று எழுதி, கீழே எண் போடுவார். பதினாறு புட்டியிலும் அப்படித்தான். பதினேழில் எண் மட்டும் இருந்தது.

ஆறாம் எண் யார் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவனும் ஆபாவும். மற்றவர்களுக்கு எண்தான்; அது ஆய்வின் விதி. ஆறாம் எண் ஷெஃபாலி கர்மகார். இந்துக்கள் வாழும் தாந்திபஜாரில் நகைப்பட்டறை வைத்திருக்கும் நிதாயின் மனைவி. சமையல் வாயு கசிந்து கழுத்தும் இடது தோளும் வெந்தவள். கையெழுத்து வாங்கப் போன அன்று நிதாய் தாளைப் படித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

"உள்ள என்ன இருக்கு டாக்டர் சாகேப்?"

"உங்க மனைவியோட உயிரணுதான், நிதாய்தா." அந்த ஊரில் 'தா' என்றால் அண்ணன்.

"அது சரி. அது எதுல ஒட்டுது? தங்கத்தோட தங்கம் சேரணும்னாலே நடுவுல பொடி வெக்கணும். நீங்க என்ன பொடி வெக்கிறீங்க? மாடு கீடு ஒண்ணும் இல்லையே?"

"மீன். திலாப்பியாத் தோல்."

கட்டிலிலிருந்து ஷெஃபாலி சொன்னாள். "அப்ப என் கழுத்துல செதில் மொளைக்குமா?"

அன்றிலிருந்து அவனுக்கு மீன்காரர் என்று பெயர். வார்டுக்குள் நுழைந்தாலே, "வாங்க மீன்காரரே, இன்னிக்கி மீன் என்ன வெல?" என்பாள். கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு.

மின்சாரம் வந்தது. ரெஸ்வான் சிரிஞ்சைத் திரும்பக் குளிரில் வைத்தான். மை மீன் இல்லை. அப்படியென்றால் என்ன?

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு வெளிநாட்டுப் புட்டி இருந்தது. யாரோ ஆராய்ச்சி மாணவர் என்றோ வாங்கியது. பன்றித்தோல் ஜெலட்டின், முதல் தரம். பிரிக்கக்கூடாது என்று ஆபாவே ஒட்டிய நாடாவோடு இருக்கும். அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று அவனிடம், மற்றது ஆபாவிடம்.

நாடா கிழிந்திருந்தது.

அடுத்த மாதம் நிதி கொடுக்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். சரியாத வில்லை ஒன்றைக் காட்ட வேண்டும் என்று ஆபா நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் வேலை நாள், அவர் அறைக்குப் போனான்.

"ஆபா, பதினேழு எப்படி இவ்வளவு நல்லா வந்துது?"

"நல்லா வந்தா உனக்கு என்ன கஷ்டம்?"

"காரணம் தெரியணும்ல."

"தொஃபாயிலுக்குக் கை பழகிடுச்சு. அதான் காரணம்." கணினியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "நேத்தும் வந்தியாமே. காவலாளி சொன்னான். சனிக்கிழமையில யாரும் இல்லாதப்ப இங்க என்ன பண்ற?"

"சிரிஞ்சு கழுவினேன்."

"சிரிஞ்சு." இப்போது நிமிர்ந்து பார்த்தார். பார்வை அவன் கையிலிருந்த சாவிக்கொத்தில் போய் நின்றது. "சரி. போ."

தொஃபாயில் தொட்டியடியில் கண்ணாடிக் குடுவைகள் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. சீராக வெட்டிய தாடி. ஹசாரிபாகில் தோல் பதனிடும் தெருவில் பிறந்து வளர்ந்தவர்.

"தொஃபாயில் பாய், பதினேழுக்கு மீன் எங்க வாங்கினீங்க?"

"எப்பவும் வாங்கற எடம்தான். கார்வான் பஜார்."

"எந்த வெட்டுக்காரர்கிட்ட?"

"என்ன சார், போலீஸ்ல சேந்துட்டீங்களா? சொல்லவே இல்ல."

"திலாப்பியாதானே?"

"பின்ன, இலிஷா? ஆபா குடுக்கற சம்பளத்துல இலிஷ் மீன நான் படத்துலதான் பாக்கறேன்." சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றது. தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டார்.

தோலைப் பார்ப்பது ரெஸ்வானின் தொழில். தொஃபாயிலின் விரல் நுனிகளைப் பார்த்தான். வெளுத்து, சுருங்கி, நகத்தோரம் உரிந்திருந்தன. குடுவை கழுவினால் தோல் அப்படி உரியாது. சுண்ணாம்பு பட்டால் உரியும்.

மறுநாள் காலை ஆய்வகம் போகும் முன் கார்வான் பஜார் போனான். மீன் வெட்டுகிறவர்கள் வரிசையாக அரிவாள்மணையைக் காலால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் தொஃபாயிலைத் தெரியும் என்றான்.

"தோல் பாய்தானே? மீன விட்டுட்டு தோல மட்டும் கேக்கற பைத்தியம். ஈத்துக்கு முன்னாடி வந்தாரு. அதுக்கப்புறம் ஆளே காணோம். ஏன், செத்துட்டாரா?"

"இல்ல."

"அப்ப எனக்கு நூத்தியம்பது டாக்கா தரணும்னு சொல்லுங்க."

குர்பானி ஈத் முடிந்து நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. பேருந்தில் நின்றபடி ரெஸ்வான் யோசித்தான். ஆபா புட்டியை எடுத்துக் கொடுத்தார், தொஃபாயில் கலந்தார், இருவரும் சேர்ந்து அவனை ஏமாற்றினார்கள். அல்லது ஆபாவுக்குத் தெரியாது. அல்லது தொஃபாயிலுக்குத் தெரியாது. புட்டியை ஆபா மாற்றி வைத்தார். எதுவானாலும் சுண்ணாம்பு எதற்கு? பொருந்தவில்லை. ஒன்று மட்டும் பொருந்தியது: எல்லோரும் அவனைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

அவனும் பேச்சை நிறுத்தியிருந்தான். பதினேழிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டபோது, காவலாளியின் கண்ணைத் தவிர்த்தான்.

பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் என்ன கலந்திருக்கிறது என்று சோதிக்கும் ஒரு கூடத்தில் அவனோடு படித்தவன் ஒருவன் வேலை பார்த்தான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை இருவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். மூன்று பத்திகள். முதலாவது மீன்: வெறுமை. இரண்டாவது பன்றி: வெறுமை. மூன்றாவதில் ஒரு கோடு, பளிச்சென்று.

"மாடு," என்றான் நண்பன். "அல்ஹம்துலில்லா. நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன். நிம்மதியா போய்த் தூங்கு."

ரெஸ்வானுக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் ஷெஃபாலியின் வீட்டுச் சங்கு நினைவுக்கு வந்தது. ஒருமுறை நிதாயிடம் தொலைபேசியில் பேசியபோது பின்னால் கேட்ட மாலைப் பூஜைச் சங்கு.

புதன்கிழமை மதியம் தொழுகை முடித்துவிட்டுத் தொஃபாயில் மொட்டைமாடிக்குப் போனார். ரெஸ்வான் பின்னால் போனான். ஒரு மாதத்துக்கு முன் அந்த மாடியில் நாற்றம் தாங்காமல் எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். பூனை செத்துக் கிடக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தொஃபாயில்தான் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீல நிறப் பீப்பாய் ஒன்று இருந்தது. காலி. உள்சுவரில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது.

"இதுதான் செத்த பூனையா, பாய்? மாடுல்ல?"

தொஃபாயில் திரும்பினார். ஓடவில்லை, மறைக்கவில்லை. ஏதோ வெகுநாளாகக் காத்திருந்ததுபோல் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மாடுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது. ஆபாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. அல்லா சத்தியமா."

"ஏன் செஞ்சீங்க?"

"அஞ்சாம் நம்பர் ஒட்டாம உரிஞ்சு போச்சே, ஞாபகம் இருக்கா? நீங்க ஒண்ணும் சொல்லல. நீங்கதான் எதுக்குமே ஒண்ணும் சொல்றதில்லையே. ஆபா சொன்னாங்க. உன் மீன் கஞ்சிதான் காரணம்னு, அத்தன பேரு முன்னாடி. அன்னிக்கி வீட்ல எனக்குச் சோறு எறங்கல சார்."

"அதுக்கு?"

"ஈத்துக்கு ஏழு பேரு சேந்து மாடு வாங்கினோம். குர்பானித் தோல் நம்மளது இல்ல. ஏழைங்க பங்கு. வித்தாலும் காசு அவங்களுக்குத்தான். இந்த வருஷம் வாங்க நாதியில்ல. மதரசாக்காரங்களே, உப்புச் செலவுக்குக்கூடக் கட்டாது, வேணாம்னு போயிட்டாங்க. பசங்க குழி தோண்டிட்டானுங்க, புதைக்க. நான்தான் நில்லுன்னேன். எங்க அப்பா நாப்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டிக்குள்ள நின்னவரு. எனக்குத் தெரியாத தோலா? மண்ணுக்குள்ள போறதுக்கு, வெந்து கெடக்கற ஏழை மேல போகட்டும்னு நெனச்சேன். அதுவும் தர்மந்தானே?"

"லேபிள்ல மீன்னு எழுதலையே."

"பொய் எழுதக் கை வரல."

"உண்மையும் எழுதல."

மழை மறுபடி தூறத் தொடங்கியது. இருவரும் நகரவில்லை.

"ஆறு யாரு சார்?" மெல்லக் கேட்டார். "நம்ம ஆளுங்கதானே? பன்றி இல்லையே, ஹலாலாத்தானே குடுத்தேன்?"

விதிப்படி சொல்லக்கூடாது. ரெஸ்வான் சொன்னான். "கர்மகார்."

தொஃபாயில் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். "தௌபா, தௌபா. அந்த நகைக்காரரு சம்சாரமா? சீரத்துக்கு ரத்தம் குடுக்க வந்தாரே? எனக்கு டீ வாங்கித் தந்தாரு சார். ரெண்டு தடவ." பிறகு தலையைத் தூக்கினார். கண்ணில் வேறொன்று இருந்தது. "எம் பேரச் சொல்லுவீங்களா?"

ஆபா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பன்றிப் புட்டி நாடா?" என்றான் ரெஸ்வான்.

"மார்ச்சுல நான்தான் பிரிச்சேன். எந்திரத்த சரி பாக்க. உயிரணு இல்லாம. அதுக்குள்ள என்ன என்னெல்லாம் நெனச்ச என்னப் பத்தி?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "கேளு. வில்லை முப்பத்தேழு டிகிரியில இருக்கு. ஜெலட்டின் கரைஞ்சு, ஊட்டநீர் மாத்த மாத்தப் போயிட்டே இருக்கு. நீயே கட்டுரையில எழுதியிருக்க. ஞாயித்துக்கிழமை அவ கழுத்துல வெக்கறப்ப மாடும் இருக்காது, மீனும் இருக்காது. அவளோட தோல் மட்டும்தான் இருக்கும்."

"ஒண்ணும் மிஞ்சாதுன்னா நாம ஏன் மீன்னு தேடிப் போனோம்?"

"கையெழுத்துக்காக."

சொன்னபிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை போலிருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"ரெஸ்வான், இது வெளிய போனா என்ன ஆகும்னு தெரியுமா? சாயங்காலத்துக்குள்ள ஒருத்தன் போன்ல எழுதுவான். மறுநாள் ரெண்டு பக்கமும் ஆள் சேருவான். முதல்ல எந்தத் தெருவுல கடை எரியும்? என் தெருவுலயா? தாந்திபஜார்லதான். நீ நல்லது பண்றதா நெனச்சு அந்த மனுஷன் பட்டறைய எரிச்சுடாத. இந்த மூணு வில்லையையும் தூக்கிப் போட்டா இன்னும் மூணு வாரம். அவ தாடை இப்பவே நெஞ்சுப் பக்கம் இழுக்குது. சீழ் வெச்சா? அத யாரு ஏத்துக்கறது? நீயா?"

அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை. ரெஸ்வான் அதைக் கவனித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், இதே ஸ்ராவணத்தில், அவன் மனைவி லுப்னா டெங்குவில் கிடந்தாள். வார்டு மருத்துவர் காலையும் மாலையும் வந்து, ரத்தத் தட்டணு எண்ணிக்கை ஏறுகிறது, கவலைப்படாதீர்கள் என்றார். நல்ல முகம். அதை நம்பி ரெஸ்வான் ஐந்தாம் நாள் குளிக்க வீட்டுக்குப் போனான். திரும்பி வருவதற்குள் அவள் போய்விட்டாள். பிற்பாடு தாள்களைப் பார்த்தான். எண்ணிக்கை ஒரு நாளும் ஏறியிருக்கவில்லை. அந்த மருத்துவர்மேல் அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. முகம் மட்டும் நினைவிருந்தது.

"நான் சொல்லப்போறேன், ஆபா."

"அப்ப இந்த அறைய விட்டு வெளிய போனா நீ தனி ஆளு," என்றார்.

வியாழக்கிழமை காலை வார்டில் நிதாய் இல்லை. பட்டறைக்குப் போயிருந்தான். ரெஸ்வானுக்கு அப்போதுதான் உறைத்தது: தொடக்கத்திலிருந்தே அவன் நிதாயிடம்தான் சொல்லிவந்திருக்கிறான். கழுத்து ஷெஃபாலியுடையது.

"வாங்க மீன்காரரே. என்ன, இன்னிக்கிப் பிடிபடலையா? மூஞ்சி காஞ்சிருக்கு."

முக்காலியை இழுத்து, அவள் கழுத்தைத் திருப்ப வேண்டியிராத பக்கமாக உட்கார்ந்தான். அண்ணி என்று, பௌதி என்றுதான், அவளைக் கூப்பிடுவான்.

"பௌதி, உங்களுக்குன்னு அச்சடிச்ச தோல்ல மீன் இல்ல. மாட்டுத்தோல் ஜெலட்டின் கலந்திருக்கு. செவ்வாய்க்கிழமைதான் சோதிச்சுத் தெரிஞ்சுகிட்டேன்."

ஷெஃபாலியின் கண் அவன்மேலேயே நின்றது. அவ்வளவு நேரம் அவள் யாரையும் கண் சிமிட்டாமல் பார்த்து அவன் கண்டதில்லை. அந்த ஜெலட்டின் கரைந்துவிடும் என்பதைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது என்பதையும் சொன்னான். வேண்டாம் என்றால் உறைபெட்டியில் அவளுடைய உயிரணுக்கள் கொஞ்சம் இருக்கின்றன, மூன்று வாரம் ஆகும், அதற்குள் கழுத்து இன்னும் இழுக்கலாம், சீழ் பிடிக்கலாம் என்றான். ஒன்றையும் மென்று விழுங்கவில்லை.

"யாரு செஞ்சது?"

"எங்க ஆய்வகம்."

"பேரு சொல்ல மாட்டீங்க. சரி. தெரிஞ்சே செஞ்சானா?"

"உங்களுக்குன்னு தெரியாது. ஆய்வகத்துல மத்தவங்களுக்கு எண்தான்."

"வேற யாருக்காவதா இருந்தா பரவாயில்லையா?"

இல்லை என்று ரெஸ்வான் தலையசைத்தான்.

"கரைஞ்சுடும்னு சொல்றீங்களே," என்றாள். "அத எப்படி நம்பறது? அன்னிக்கி மீன்னு சொன்னீங்க. இதே முக்காலியில உக்காந்து, இதே மூஞ்சியோட."

"அன்னிக்கி நான் உண்மைன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

"இன்னிக்கும் அப்படித்தானே?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ கஞ்சிக் கிண்ணத்தைச் சுரண்டினார்கள். ஷெஃபாலி மேற்கூரையைப் பார்த்தாள்.

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க சொல்ல வேணாம். தெருவுல யார்கிட்டயும் வாய் தொறக்க மாட்டோம், பயப்படாதீங்க. எரியறதுன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியும்." பிறகு, "அந்தத் தோல எடுத்துடுங்க," என்றாள்.

"மூணு வாரம், பௌதி."

"கழுத்து என்னோடதுதானே, டாக்டர் சாகேப்?"

அவள் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

ரெஸ்வான் அறிக்கை எழுதி நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை அவசரமாகக் கூடி ஆய்வை நிறுத்தினார்கள். ஆறாம் எண்ணுக்கு மட்டும், கண்காணிப்பில், மறுபடி அச்சிடலாம் என்று அனுமதித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வரப்போவதில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆபா அவனிடம் தாள்கள் மூலமாக மட்டும் பேசினார். தொஃபாயிலைப் பற்றிய முடிவு நிலுவையில் கிடந்தது. ஜெலட்டின் காய்ச்ச வேறு ஆள் இல்லை. மூன்று வில்லைகளையும் ரெஸ்வானே எடுத்து அழித்தான். நல்ல வில்லைகள்.

திங்கட்கிழமை காலை நிதாய் கர்மகார் ஆய்வக வாசலில் நின்றான். கையில் தண்ணீர் சொட்டும் பை. பக்கத்தில் காவலாளி, திகைத்துப்போய்.

"ஷ்யாம்பஜார்ல நானே வாங்கினது. உயிரோட. என் கண்ணு முன்னாடி உரிச்சாங்க," என்றான். "தோல் தனியா, மீன் தனியா. மீன நீங்க யாராவது தின்னுங்க. எனக்கு ஒரு முக்காலி வேணும்."

"நிதாய்தா, இது மூணு நாள் வேலை. அப்புறம் உயிரணு வளரணும்."

"மூணு நாளும் உக்காரறேன். வளர்ந்தப்புறம் அச்சடிக்கறன்னிக்கும் வருவேன்."

யாரும் தடுக்கவில்லை. கண்காணிப்பு என்று குழு எழுதியிருந்தது. யாருடைய கண் என்று எழுதவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டார்கள். தலைக்கு உறை, காலுக்கு உறை, வாய்க்கு மறைப்பு. அந்தப் பக்கம் தொஃபாயில். அவர் தோலைக் கழுவினார், புளிக்காடியில் ஊறவைத்தார், சூடேற்றினார். ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்துக் காலி என்று கண்ணாடிக்குக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததில் ஊற்றினார். காட்டு என்று யாரும் சொல்லவில்லை. நிதாய் தலையசைக்கவும் இல்லை. யார் செய்தது என்று அவனுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது என்று ரெஸ்வானுக்குப் பட்டது. அந்த உரிந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் தேநீர் வந்தது. தொஃபாயில் வெளியே வந்து ஒரு கோப்பையை முக்காலியருகே வைத்தார். நிதாய் அதைத் தொடவில்லை.

"எங்க பட்டறையில," என்றான், யாரிடமும் இல்லாமல், "பழைய நகை உருக்கக் கொண்டு வருவாங்க. குடுத்துட்டுப் போக மாட்டாங்க. எதிர்லயே உக்காருவாங்க. ஊதுகுழலப் பாப்பாங்க, என் கையப் பாப்பாங்க, நகத்தப் பாப்பாங்க. மூக்கு சொறிஞ்சாக்கூட எழுந்து வந்து பாப்பாங்க. சின்ன வயசுல எனக்கு அப்படிக் கோவம் வரும். நான் என்ன திருடனான்னு."

தொஃபாயில் தலை குனிந்து நின்றார்.

"இப்பதான் தெரியுது," என்றான் நிதாய். "திருடன்னு நெனச்சு இல்ல. திரும்பி வராதது பாருங்க அது. உருகிட்டா எதுல எது இருக்குன்னு யாரால சொல்ல முடியும்?"

தேநீர் ஆறியது.

மூன்றாம் நாள் பொடியைப் புட்டியில் நிரப்பினார்கள். தொஃபாயில் லேபிளில் 'மீன்' என்று எழுதினார். பதினெட்டு என்று எழுதினார். பிறகு பேனாவைக் கண்ணாடித் திறப்பு வழியாக நீட்டினார். "நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க, நிதாய்தா."

"கையெழுத்துப் போட்டாச்சு ஒரு தடவ," என்றான் நிதாய். "எழுத்து வேணாம். நான் பாக்கறேன்."

இரண்டாம் வாரத்தில் ஷெஃபாலிக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் நின்று தணிந்தது. அந்த நான்கு நாளும் ஆபா தாளில்கூட ஒன்றும் எழுதியனுப்பவில்லை. தாடை விரலளவு இன்னும் கீழே இறங்கியிருந்தது. ரெஸ்வான் தினமும் போனான். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். அவள் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டாள்.

அச்சிடும் நாளில் மழை விட்டிருந்தது. ரெஸ்வான் அடித்தட்டைப் பன்னிரண்டு டிகிரிக்குக் குளிரவைத்தான். பழைய மையில் இரண்டு மணி நேரத்தில் முடிந்த வேலை இதில் ஆறு மணி நேரம் பிடிக்கும். முக்காலி காலையிலேயே போட்டிருந்தது.

தொடங்கும் முன் ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் மையை எடுத்துக் கண்ணாடிக்கு வெளியே, நிதாயின் பக்கத்து மேசையில் வைத்தான். அங்கே இருபத்தேழு டிகிரி. கால் மணி கழித்துக் கவிழ்த்துக் காட்டினான். மை ஒழுகிச் சிந்தியது. நிதாய் ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தான்.

எந்திரம் ஊர்ந்தது. முதல் வில்லை பாதியில் ஓரம் சரிந்து, வரிகள் ஒன்றோடொன்று குழைந்தன. ரெஸ்வான் அதை எடுத்து வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கினான். வேகத்தை இன்னும் குறைத்தான். அதுவும் நேராக நிற்கவில்லை. ஆனால் நின்றது.

நிதாய் கண்ணாடியில் மூக்கு படுமளவு குனிந்திருந்தான்.

"அன்னிக்கி உங்க ஆபா போன்ல ஒரு படம் காட்டினாங்களே," என்றான். "அது எவ்வளவு ஒழுங்கா இருந்துது. இது ஏன் இப்படிக் கோணுது?"

"மீன், நிதாய்தா. இப்படித்தான் கோணும்."

"ம்," என்றான் நிதாய். முக்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊசி நுனியைப் பார்க்கத் தொடங்கினான். இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.